குணராசாவை வெளியேற்றிய பதினொரு வகுப்புகள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக, இலவச இணையச் செயலிகளை வைத்துப் பாடம் நடத்துவது பற்றி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று பிரிவுத் தலைவர் கேட்டார். ஓய்வுபெற்ற ஆளுக்கு நேரம் வழிந்து ஓடுகிறது என்பது அவருடைய எண்ணம். எந்தப் பொத்தானை அழுத்தினால் எது திறக்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை நான் எழுதினால் நீங்கள் எனக்குப் பின்னால் சிரிப்பீர்கள். ஆகவே நான் அழுத்தக்கூடாத ஒரு பொத்தானைப் பதினொரு தடவை அழுத்திய கதையை மட்டும் சொல்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வடமராட்சியில் ஒரு சின்னத் தொழிற்கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் கட்டடப் படவரைதல் படிப்பித்தேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் ‘அடிமட்டம்’. கோடு கீறுகிற அடிமட்டத்தைத்தான் சொல்கிறேன், வேறொன்றும் நினைக்க வேண்டாம். கோடு கோணினாலும் விடமாட்டேன், ஆள் கோணினாலும் விடமாட்டேன். அந்தப் பெயர் எனக்கு உள்ளூரப் பெருமையாகவே இருந்தது.

கொரோனா வந்து கல்லூரியைப் பூட்டியபோது எனக்கு ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. புதிய அணி வந்து இரண்டு கிழமை, பதினாலு நாள்தான் ஆகியிருந்தது. பதினெட்டுப் பிள்ளைகள், அதில் பதின்மூன்று பேர் பெண் பிள்ளைகள். முகமும் பெயரும் மனதில் ஒட்டுவதற்கு முன்னமே எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு எல்லாம் சூம் வகுப்புத்தான். உடுப்புக் காயப்போடும் தாங்கியில் கைத்தொலைபேசியைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டு, கீழே வரைபலகையை வைத்துப் படம் கீறிக் காட்டுவேன். வெளிச்சம் காணாமல் போனால் எங்கள் வீட்டுக்காரர் ரோச் லைட் பிடிப்பார். இலவசம் என்றபடியால் நாற்பது நிமிடத்தில் வகுப்பு அறுந்து போகும். ஒரு நாள் அது அறுகிற நேரம் பார்த்து அவர், “அப்பாடா!” என்றார். கடைசி நொடியில் அந்தச் சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்டுவிட்டது.

வகுப்பைப் பதிவுசெய்து யூடியூபிலும் போட்டோம். சிக்னல் இல்லாத இடத்துப் பிள்ளைகள் பிறகு இறக்கிப் பார்க்கட்டும் என்ற எண்ணம். அந்த வேலையை எங்கள் பிரிவில் இருந்த சுகன்யா என்ற இளம் போதனாசிரியை பார்த்துக்கொண்டாள். வகுப்புக்கான இணைப்பை மட்டும் நானே என் முகநூல் பக்கத்தில் போட்டேன். எல்லோருக்கும் சுகமாகக் கிடைக்கட்டுமே என்றுதான் போட்டேன். முதல் முட்டாள்தனம் அதுதான். மூன்றாம் கிழமை எவனோ ஒருவன் உள்ளே புகுந்து, வாயில் வரக்கூடாத தூஷணம் எல்லாம் கத்திவிட்டுப் போனான். பிள்ளைகளுக்குப் பக்கத்தில் தாய் தகப்பன் இருந்து கேட்டிருக்கிறார்கள். அன்று பின்னேரமே மூன்று தகப்பன்மார் தொலைபேசி எடுத்தார்கள். ஒருவர், “உங்களை நம்பித்தானே ரீச்சர் பிள்ளையை இருத்தினனாங்கள்” என்றார். எனக்கு வெட்கமாய்ப் போயிற்று.

வந்த கோபத்தில் நான் எல்லாவற்றையும் பூட்டினேன். இணைப்பை முகநூலிலிருந்து எடுத்தேன். பிள்ளைகள் பேச முடியாதபடி ஒலிவாங்கிகளை நிறுத்தினேன். எழுதிக் கேட்கும் பெட்டியையும் மூடினேன். வட்ஸ்அப் குழுவில் விடியற்காலையில் பூப்படமும் காலை வணக்கமுமாக வந்து குவிந்துகொண்டிருந்தது, அதனால் அதிலும் நான் மட்டுமே எழுதலாம் என்று ஆக்கினேன். ‘எல்லோரும் சொந்தப் பெயரில் வரவும்’ என்று ஒரு வரி போட்டேன். பெயரை எப்படி மாற்றுவது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. வகுப்பு அதன் பிறகு நல்ல அமைதியாக நடந்தது. ஆகா, என்ன கட்டுப்பாடு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த கிழமை திரையில் ஒரு பெயர் நின்றது. ஆங்கில எழுத்தில், குணராசா.

என் பட்டியலில் குணராசா என்று ஒருவரும் இல்லை. இந்தக் காலத்தில் எந்தப் பொடியனுக்குக் குணராசா என்று பெயர் வைக்கிறார்கள்? கட்டாயம் ஐம்பது வயது ஆளாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். “ஆரிது குணராசா? பொம்பிளைப் பிள்ளையள் படிக்கிற இடத்தில உமக்கென்ன வேலை? வெளியில போம்!” என்று சொல்லி, வெளியேற்றும் பொத்தானை அழுத்தினேன். அடுத்த வகுப்பிலும் அந்த ஆள் வந்தார். அடுத்ததிலும் வந்தார். மானம் கெட்ட மனிசன் என்று எனக்கு ஆத்திரம் ஏறிக்கொண்டு போனது. வகுப்புத் தொடங்கியதும் முதல் வேலையாகக் குணராசாவைக் கலைப்பது, பிறகு வரவு எடுப்பது என்று ஆகிவிட்டது. வரவுப் பட்டியலில் கு. தர்சிகா என்ற பிள்ளை வரவில்லை என்று ஒவ்வொரு நாளும் புள்ளடி போட்டேன்.

அதே நாட்களில் தெரியாத இலக்கத்திலிருந்து எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. படத்தில் கட்டை மீசை வைத்த ஒரு மனிதர். ‘மிஸ், உங்களோடை ஒருக்கா கதைக்கலாமோ?’ என்று இருந்தது. எங்கள் வீட்டுக்காரரிடம் காட்டினேன். “வயசு போன நேரத்திலை உனக்கொரு ஆள்” என்று பகிடி பண்ணினார். நான் பதில் எழுதாமல் அந்த இலக்கத்தைத் தடுத்துவிட்டேன்.

இப்போது உங்களில் பலர் தலையில் கைவைத்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு இது விளங்கவில்லையா என்று கேட்பீர்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. எங்களுடையது மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து வேதத்துக்கு வந்த குடும்பம். என் பூட்டனுக்கு ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் கொடுத்த பெயர் நாலு தலைமுறையாக எங்கள் எல்லோருக்கும் வாலாகத் தொங்குகிறது. தகப்பன் பெயரை முன்னெழுத்தாக வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. முப்பது வருடமாக வரவுப் பட்டியலில் எத்தனையோ முன்னெழுத்துகளை வாசித்திருக்கிறேன், அவற்றை எழுத்தாகத்தான் வாசித்திருக்கிறேன். அந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு முழு மனிதர் நிற்கிறார் என்று ஒரு நாளாவது நினைத்ததில்லை. கு. தர்சிகாவின் ‘கு’ என்னவென்று நான் கேட்கவேயில்லை.

கல்லூரியைத் திறந்த பிறகு பிள்ளைகள் பயிற்சித் தாள்களைக் கொண்டுவந்தார்கள். தர்சிகாவும் கொண்டுவந்தாள். காங்கேசன்துறைப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற, சத்தமே இல்லாத பிள்ளை. தாள்களை விரித்துப் பார்த்தேன். கிடைப்படம், நிலைப்படம், வெட்டுமுகம் எல்லாம் இருந்தன, எல்லாம் சுத்தம். படிக்கட்டை நான் வகுப்பில் காட்டிய மாதிரியே, என்னுடைய குறுக்கு வழியிலேயே கீறியிருந்தாள்.

“உதை ஆர் கீறித் தந்தது?” என்று கேட்டேன்.

“நான்தான் மிஸ்.”

“பதினொரு வகுப்புக்கு வராத ஆளுக்கு இந்தப் படிக்கட்டு எப்பிடித் தெரியும்? ஆரின்ரை தாளைப் பாத்துக் கீறினனீர்?”

“நான் வந்தனான் மிஸ். நீங்கள்தான் என்னை வெளியில விட்டனியள்.”

“நானோ? எப்ப?”

“ஒவ்வொரு நாளும். குணராசா எண்டு நிண்டது நான்தான் மிஸ். அது அப்பாவின்ரை போன். பிறகு யூடியூபில பாத்துக் கீறினனான்.”

எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. ஆனாலும் வாய் சும்மா இருந்தால் அது அடிமட்டத்தின் வாய் இல்லையே. “அப்ப அப்பாவையெண்டாலும் எனக்கு எடுத்துக் கதைக்கச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை?” என்றேன்.

“அப்பா இல்லை மிஸ். போன வரியம் கடலுக்குப் போன இடத்தில நெஞ்சு வலி வந்து செத்துப்போனார்.”

நான் கதிரையில் இருந்தேன். அவளையும் இருக்கச் சொன்னேன். மிச்சத்தை அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவளுடைய கைத்தொலைபேசி பழுதாகிப் போனதாம். தாய், அலுமாரிக்குள் துணியில் சுற்றி வைத்திருந்த தகப்பனின் தொலைபேசியை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

“பேரை மாத்தியிருக்கலாமே? ஒரு நிமிச வேலைதானே?”

“அம்மா விடேல்லை மிஸ். பேரை மாத்தினா அதுக்குள்ள கிடக்கிற அப்பாவின்ரை படங்கள் எல்லாம் போயிடும் எண்டு பயப்பிடுறா. எனக்கும் வடிவாத் தெரியேல்லை. உங்களுக்கு மெசேஜ் போட்டுப் பாத்தனான். பதில் வரேல்லை, பிறகு போட்டது போகேல்லை.”

“சிநேகிதப் பிள்ளையளிட்டை எண்டாலும் சொல்லிவிட்டிருக்கலாமே?”

அவள் குனிந்துகொண்டு, “சொன்னனான் மிஸ். உங்களிட்டை வந்து சொல்ல ஒருத்தருக்கும் துணிவு வரேல்லை” என்றாள். பட்டப்பெயரில் இருந்த பெருமை அந்த இடத்தில் எனக்கு முடிந்தது.

விஷயம் அழுகையோடு முடிகிற விஷயம் இல்லை. நூற்றுக்கு எண்பது வரவு இல்லாதவர் இறுதிப் பரீட்சை எழுத முடியாது. வரவுப் பட்டியலை நான் கையெழுத்து வைத்துக் கொழும்பில் உள்ள பரீட்சைப் பிரிவுக்கு அனுப்பி ஒரு கிழமை ஆகியிருந்தது. பரீட்சைக்கு மூன்று கிழமை இருந்தது. இதில் விடுபட்டால் அடுத்த அணியோடு இன்னொரு வருடம். அந்த ஒரு வருடம் தன்னை வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள், தாய்மாமன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குக் கேட்டுவைத்திருக்கிறார் என்று பிள்ளை சொன்னாள். படிப்பு அத்தோடு சரி என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதிபரிடம் ஓடினேன். நல்ல மனிதர், கரைச்சல் தொல்லை என்றால் பயம். “நெற்வேர்க் பிரச்சினை எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ ரீச்சர், நான் கையெழுத்து வைக்கிறன்” என்றார். நெற்வேர்க் கடிதங்கள் வந்து குவிந்து, அத்தாட்சி இல்லாத ஒன்றையும் ஏற்கமாட்டோம் என்று கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. அவர் அதை மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தினேன்.

“அப்ப அத்தாட்சிக்கு எங்கை போறது?” என்றார்.

அத்தாட்சி யூடியூபில் கிடந்தது. சுகன்யாவின் மேசையில் இருந்து பதினொரு பதிவுகளின் முதல் ஐந்து நிமிடங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் குணராசா என்ற பெயர் வகுப்பு தொடங்க முதலே வந்து நிற்கிறது. ஒவ்வொன்றிலும் என் குரல். முதல் நாள் ‘உமக்கென்ன வேலை’. நாலாம் நாள் ‘திரும்பவும் வந்திட்டுதோ இந்தச் சனியன்’. ஏழாம் நாள் ‘குணராசா, உம்மடை வீட்டில பொம்பிளைப் பிள்ளையள் இல்லையோ? வெக்கமில்லையோ காணும்?’. நான் அப்படிக் கதைத்தேன் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

பக்கத்தில் நின்ற தர்சிகாவிடம், “இதெல்லாம் அம்மாவுக்குக் கேட்டதோ?” என்றேன்.

“ஓம் மிஸ். ஒவ்வொரு நாளும் கேட்டவா.”

சுகன்யா மெதுவாக, “மிஸ், இதை அப்பிடியே அனுப்ப வேண்டாம். உங்கடை குரல் வாற துண்டுகளை வெட்டிப்போட்டு, பேர் நிக்கிற படத்தை மட்டும் அனுப்புவம்” என்றாள். என் மேல் உள்ள அன்பில்தான் சொன்னாள். அதிபரும் அதையே சொன்னார். “உங்களுக்கு இன்னும் ரெண்டு மாதந்தான் கிடக்கு ரீச்சர். பிரியாவிடைக்கு மண்டபமும் பிடிச்சாச்சு. இந்த நேரத்தில கோப்பில ஒரு கறையோடை போகப் போறியளோ?”

ஒளிக்காமல் சொல்கிறேன், ஒரு நாள் முழுக்க எனக்கும் அந்த ஆசை இருந்தது. முப்பது வருடம் கோணாமல் கீறிய கோட்டை முடிகிற இடத்தில் யார்தான் கோணவிடுவார்? ஆனால் வெட்டிய படத்தில் ஒரு பெயர் மட்டும்தான் நிற்கும். அந்தப் பெயர் யாரோ ஒருவருடையது என்று கொழும்பில் தூக்கி எறிந்துவிடுவார்கள். வகுப்பு தொடங்க முதலே வந்து நின்ற ஆளை ஆசிரியையே வெளியே தள்ளினாள் என்பதற்கு என் குரல்தான் சாட்சி. என் குரல் இல்லாவிட்டால் பிள்ளைக்கு வழக்கே இல்லை. இப்படி ஒரு நிலை உங்களுக்கும் வரும். அன்றைக்கு உங்கள் பெயரைக் காப்பாற்றும் வழியும் பிள்ளையைக் காப்பாற்றும் வழியும் ஒன்றுதான் என்று உங்களுக்கு வேண்டியவர்கள் எல்லோரும் சொல்லுவார்கள். தனியே இருந்து ஒருதரம் யோசியுங்கள்.

பிள்ளையிடம் ஒன்று கேட்கவேண்டியிருந்தது. அவளுடைய தகப்பனை நான் ஏசுவதை இன்னும் பத்துப் பேர் இருந்து கேட்கப்போகிறார்கள், அது உங்களுக்குச் சம்மதமா என்று. அம்மாவைக் கேட்டுச் சொல்லுகிறேன் என்றாள். மறுநாள் வந்து, “அம்மா ஓம் எண்டவா மிஸ்” என்றாள்.

பதிவுகளை ஒரு நொடியும் வெட்டாமல் அனுப்பினேன். கூடவே ஒரு கடிதம். ‘இவற்றில் கேட்கும் குரல் என்னுடையது. வெளியேற்றப்பட்டவர் என் மாணவி. அவர் எல்லா வகுப்புக்கும் நேரத்துக்கு வந்தார். வரவுப் பட்டியலில் உள்ள பிழை முழுவதும் என்னுடையது.’ அதிபர் வாசித்துப் பார்த்து, பெருமூச்சு விட்டு, கையெழுத்து வைத்தார்.

அதன் பிறகு பதினாறு நாள் ஒரு சத்தமும் இல்லை. நான் ஒவ்வொரு நாளும் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். கடைசியில் என் குரலைக் கேட்டதுமே அங்கிருந்தவர், “பாக்கிறம் மிஸ், பாக்கிறம்” என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. தர்சிகா தினமும் வந்து வரைபலகையில் பழகிக்கொண்டிருந்தாள். ஏதாவது வந்ததா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அவள் கேட்காதது எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

இடையில் நான் செய்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். வட்ஸ்அப் குழுவைத் திறந்துவிட்டேன். பூப்படங்கள் திரும்பவும் வந்தன, வரட்டும். இனிமேல் சூம் வகுப்பு வைத்தால், தெரியாத பெயர் நின்றால் வெளியேற்ற முதல் ஒரு நிமிடம் ஒலிவாங்கியைத் திறந்து, ‘நீங்கள் ஆர்?’ என்று கேட்பது என்று வைத்துக்கொண்டேன். நீங்களும் வகுப்புக்குக் காவல் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளை உங்களிடம் வந்து கதைக்க ஒரு வழியாவது திறந்து கிடக்கட்டும். நான் நாலையும் பூட்டிவிட்டு, அமைதியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

பரீட்சைக்கு முதல் நாள் மத்தியானம் அனுமதி அட்டை வந்தது. அதே உறையில் என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் வந்தது. அது என் கோப்பில் இப்போதும் இருக்கும், விருப்பமானவர்கள் எடுத்து வாசிக்கலாம். தர்சிகா அன்று கல்லூரிக்கு வரவில்லை. தொலைபேசியில் சொன்னால் போதும்தான், ஆனால் எனக்கு மனம் கேட்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடற்கரை வீதியால் போனேன்.

வீட்டுத்திட்டத்தில் கட்டிய, இன்னும் பூசி முடியாத சின்ன வீடு. உள்ளே சுவரில் மாலை போட்ட படம். அந்தக் கட்டை மீசையை எனக்குத் தெரியும். நான் தடுத்துவைத்த மீசை. தர்சிகாவின் தாய் குசினிக்குள் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“வணக்கம் அம்மா. நான் தர்சிகாவின்ரை...”

“தெரியும் மிஸ். குரல் தெரியுது.”

அவர் கதிரையை இழுத்துப் போட்டார். “என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆரெண்டு தெரியாமல் அவரை வாய்க்கு வந்தபடி ஏசிப்போட்டன்” என்றேன். கண்ணீர் வந்தது, மறைக்கவில்லை.

அவர் படத்தை ஒரு தரம் பார்த்தார். “இந்த வீட்டில அவரின்ரை பேரைச் சொல்ல ஆக்கள் இல்லை மிஸ். நான் ஒரு நாளும் சொல்லுறேல்லை. பிள்ளையளுக்கு அப்பா. தாய் தேப்பனும் இல்லை. செத்த வீட்டுக்குப் பிறகு ஆரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேக்கேல்லை. முதல் நாள் நீங்கள் குணரா... அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடேக்குள்ள, நான் அடுப்பில கிடந்ததை அப்பிடியே விட்டிட்டு ஓடிவந்தனான்.”

நான் மாலை போட்ட படத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

“ஏசினதை நான் பெரிசா எடுக்கேல்லை. ஆள் ஆரெண்டு உங்களுக்குத் தெரியாதுதானே. கூப்பிட்டிட்டு, உடனை வெளியில போ எண்டு சொல்லுவியள். ஒவ்வொரு நாளும். அதுதான் மிஸ் தாங்கேலாமல் இருந்தது.”

தர்சிகா உள்ளே இருந்து வந்து சுவரோடு ஒட்டி நின்றாள். நான் உறையைத் திறந்து அட்டையை எடுத்துத் தாயிடம் நீட்டினேன். அவர் அதை வெளிச்சத்துக்குப் பிடித்து, சுட்டு விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார்.

“குணராசா தர்சிகா.”

வாசித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “இந்தப் பேருக்கு உள்ளுக்கு விடுவினமோ மிஸ்?”

“ஓமம்மா,” என்றேன். “விடுவினம்.”